கறுப்புக்கு மேல் வெள்ளி

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் தன் இரும்புக் கேட்டுக்கு வெள்ளி பெயிண்ட் அடிக்க ஆள் வைத்திருந்தார். தின்னர் வாசம் சந்து வழியாக வந்து எங்கள் சமையலறை ஜன்னலுக்குள் நுழைந்ததும், அரிந்துகொண்டிருந்த வெண்டைக்காயை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்றுவிட்டேன். இந்த வாசம் வந்தால் என் கணவருக்குத் தலைவலி வரும். எனக்குப் பசி வரும். சாதாரணப் பசி இல்லை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தாண்டியும் அடுப்புப் பற்றவைக்காத வீட்டில் உட்கார்ந்திருப்பவளின் பசி. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கேட்டின் மேல் கம்பியில், ஈரப் பெயிண்டில் ஒரு கொசு ஒட்டிக்கொண்டு காலை உதறிக்கொண்டிருந்தது. பெயிண்டர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு அதன் மேலேயே ஒரு இழுப்பு இழுத்தார்.

“அண்ணா, அதுல கொசு ஒட்டியிருக்கு” என்றேன்.

“காஞ்சா உதுந்துருமுங்க” என்றார்.

உதிராது. எனக்குத் தெரியும். உலகத்தில் நான் நிச்சயமாகச் சொல்லக்கூடிய விஷயங்கள் ரொம்பக் கொஞ்சம், அதில் இது ஒன்று. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து, “உங்க கேட்டுக்கும் அடிக்கணுமுங்களா?” என்று கேட்டார். எங்களுக்குக் கேட்டே கிடையாது. சும்மா வாசம் பிடிக்க வந்தேன் என்று எப்படிச் சொல்வது? தலையாட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

எனக்கு இதையெல்லாம் தெரியவைத்தவள் பூங்கொடி.

பேங்கில் வேலைக்குச் சேர்ந்து எங்கள் இரண்டு பேருக்கும் முதல் ஊர் வெண்ணந்தூர். நான் ஆத்தூர்ப் பக்கம், அவள் எருமப்பட்டிக்காரி. அவர்கள் வயலில் வெங்காயமும் கடலையும் போடுவார்கள். ஒரே வாரத்தில் சேர்ந்தோம், ஒரே வாரத்தில் வீடு தேடினோம், கடைசியில் ஒரே வீட்டில் குடியேறினோம். கீழே சரோஜாக்காவின் தறிக்குடோன், மேலே நாங்கள். குடோனில் விசைத்தறிகள் ஓட ஆரம்பித்தால் எங்கள் அலமாரியில் இருக்கும் டம்ளர்கள் மெதுவாக நடக்கத் தொடங்கும். காலையில் சுவரோரம் வைத்த டம்ளர் சாயங்காலம் விளிம்பில் வந்து நிற்கும். குடிவந்த மறுநாளே நான் மூன்று நான்கைத் தரையில்தான் பார்த்தேன். பூங்கொடி அன்றைக்கே எல்லா டம்ளருக்கும் அடியில் ஈரத்துணி விரித்துவிட்டாள். அவள் அப்படி.

சரோஜாக்காவுக்கு முதலில் என்னைப் பிடிக்கவில்லை. எங்கள் பக்கத்துப் பேச்சில் வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ வராது. “அக்கா, தண்ணி வருதா?” என்று நான் கேட்டால், ஏதோ அதட்டுகிற மாதிரி அவருக்குக் கேட்டிருக்கிறது. பூங்கொடி “தண்ணி வருதுங்களாக்கா?” என்பாள். குழாயே அவளுக்கு இரங்கிக் கொட்டும். “மேல இருக்கறதுல ஒண்ணு தங்கம், ஒண்ணு திமிருங்க” என்று அக்கா எதிர்வீட்டில் சொன்னதாகப் பிறகு தெரிந்தது. எது எது என்று நான் விசாரிக்கவில்லை.

வந்த அன்று சாயங்காலம் இரண்டு பேரும் பெட்டியைப் பிரித்தோம். என்னுடையதில் ஊறுகாய் பாட்டில்கள். அவளுடையதில் துணிகளுக்கு நடுவே, பட்டுப்புடவையை வைப்பதுபோலப் பத்திரமாக, ஒரு அட்டைப்பெட்டி. மேலே மேகத்துக்கு நடுவில் ஒரு விமானம் பறக்கிற படம்.

“தம்பிக்கா?” என்றேன்.

“எனக்கு” என்றாள்.

திறந்து காட்டினாள். உள்ளே விமானம் எதுவும் இல்லை. சாம்பல் நிற பிளாஸ்டிக்கில் கிளை கிளையாகச் சட்டங்கள். ஒவ்வொரு கிளையிலும் காய்த்துத் தொங்குகிற மாதிரி சின்னச் சின்ன உறுப்புகள். பாதி இறக்கை, பாதி வயிறு, பொடிப் பொடியாகச் சக்கரம், விரல் நகத்தைவிடச் சிறிய நாற்காலி. இதையெல்லாம் நகவெட்டியால் வெட்டி எடுத்து, உப்புத்தாளில் தேய்த்து, பசை வைத்து ஒட்டி, இடைவெளியில் பட்டி பூசி, மறுபடி தேய்த்து, அதற்குப் பிறகு பெயிண்ட் அடிக்க வேண்டும். முதலில் எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும், அச்சிலிருந்து வந்த எண்ணெய் ஒட்டியிருந்தால் பெயிண்ட் பிடிக்காது. சோறு வடிக்கிற கூடையில் இறக்கைகளைப் போட்டு அவள் அலசுவதைப் பார்த்துக்கொண்டு, இந்தப் பெண்ணோடு எத்தனை நாள் இருக்கப்போகிறோமோ என்று நான் கவலைப்பட்டேன்.

சென்னையில் பேங்க் டிரெய்னிங்குக்குப் போனபோது, மழைக்கு ஒதுங்கிய ஒரு கடையில் முதல் பெட்டியை வாங்கினாளாம். அவ்வளவுதான் காரணம். நான் நம்பவில்லை. சின்ன வயதில் பைலட் ஆக ஆசைப்பட்டாயா, வானத்தில் விமானம் போனால் பின்னாலேயே ஓடுவாயா, யாராவது மாமா பட்டாளத்தில் இருந்தாரா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒன்றும் இல்லை. “ப்ளேன்ல ஏறவே எனக்குப் பயம் புள்ள” என்றாள். “பெயிண்டு காயறதப் பாக்கப் புடிக்கும், அவ்வளவுதான்.” எனக்கு அந்தப் பதில் ரொம்ப நாள் போதவில்லை. மனிதர்கள் எதைச் செய்தாலும் பின்னால் ஒரு கதை வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிற வயசு எனக்கு.

ஆனால் அவள் செய்கிற வேலையைப் பார்க்கப் பார்க்கக் கேள்வி நின்றுபோனது. பேங்கில் நாள் முழுக்கக் கவுன்டரில் உட்கார்ந்து, நகைக்கடன்காரர்களிடம் ஏச்சு வாங்கி வந்தவள், முகம் கழுவிவிட்டு உட்கார்ந்தால் வேறு ஆளாகிவிடுவாள். விமானத்தின் முன்பக்கக் கண்ணாடிக்கு, பெயிண்ட் படாமல் இருக்க டேப் ஒட்ட வேண்டும். அந்தக் கண்ணாடி ஒரு துவரம்பருப்பு அகலம். அதற்குள் குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக டேப்பை பிளேடால் நறுக்கி, ஊசி முனையில் எடுத்து வைப்பாள். கை நடுங்கி நான் பார்த்ததில்லை. தப்பாகிவிட்டால் முகம் சுளித்தும் பார்த்ததில்லை. ஆரம்பத்தில் ஒருமுறை லாரி பெயிண்டுக்கு ஊற்றுகிற காட்டமான தின்னரை நேராகப் பிளாஸ்டிக்கில் அடித்ததில், ஒரு இறக்கை முழுதும் பொரித்த அப்பளம்போலச் சுருண்டுபோனது. நானாக இருந்தால் ஜன்னல் வழியாக வீசியிருப்பேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “நல்ல வேகமான தின்னரு புள்ள” என்று பாராட்டினாள்.

அந்த வருடம் அவள் எடுத்தது ஒரு டக்கோட்டா. பழைய காலத்துச் சரக்கு விமானம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு விசிறி, வாலைத் தரையில் வைத்து மூக்கைத் தூக்கி நிற்கும், சாப்பிட்டு முடித்த பெரியவர் திண்டில் சாய்ந்த மாதிரி. பச்சையோ பழுப்போ அடிக்கிற விமானமாக இருந்தால் கஷ்டம் இல்லை. இது வெறும் தகரம். தகடு தகடாகப் பளபளவென்று மின்ன வேண்டும். பிளாஸ்டிக்கை எப்படித் தகரமாக்குவது? அதற்கு ஒரு வழி இருக்கிறது, கேட்டபோது எனக்கு வேடிக்கையாக இருந்தது. முதலில் கண்ணாடிபோல மின்னுகிற கறுப்பு அடிக்க வேண்டும். அது நன்றாகக் காய்ந்தபின் அதன்மேல் அலுமினியத்தைப் பனிபோல மெல்லிசாகத் தூவ வேண்டும். அடியில் இருக்கிற கறுப்பு எவ்வளவு வழவழப்போ, மேலே வெள்ளி அவ்வளவு மினுங்கும். கறுப்பில் ஒரு பொட்டுத் தூசி இருந்தாலும் வெள்ளி அதை ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

கீழே தறி ஓடுகிற வீட்டில் தூசிக்கா பஞ்சம்! பஞ்சுத்தூள் கண்ணுக்குத் தெரியாமல் படியேறி வரும். கொசுவலைமேல் படியும், தயிரில் மிதக்கும், என் கண்ணிமையில் உட்காரும். பூங்கொடி முதல் தடவை கறுப்பு அடித்து, விடிந்ததும் எடுத்துப் பார்த்தபோது இறக்கை முழுக்க மயிர் முளைத்திருந்தது. பாத்ரூமில் தரையெல்லாம் தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே நின்று அடித்துப் பார்த்தாள். அண்டாவைக் கவிழ்த்து மூடிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் பஞ்சு எப்படியோ வந்து உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு தடவையும் காயவிட்டு, தண்ணீரில் நனைத்த மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துப் பழைய சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி. பார்க்கிற எனக்கு அழுகை வரும்.

இதற்கு நடுவில் ஒரு நாள் சாயங்காலம் சரோஜாக்கா படியேறி வந்தார். கையில் நெய்து இறக்கிய வேட்டித்துணி.

“மோந்து பாருங்க சாமி” என்று எங்கள் மூக்குக்கு நேராக நீட்டினார். “இது தறிக்குடோனுத் துணியா, லாரி செட்டுத் துணியா? பெயிண்டு நாத்தம் அடிக்குதுன்னு பார்ட்டி வாங்க மாட்டேங்கறாருங்க. நான் என்ன பண்ணட்டும்?”

வீட்டைக் காலி செய்யச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அந்த ஊரில் கல்யாணமாகாத இரண்டு பெண்களுக்கு இன்னொரு வீடு சுலபத்தில் கிடைக்காது. பூங்கொடி உள்ளே போய், கறுப்பு அடித்த விமானத்தைக் கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்தாள். அக்கா ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நகத்தால் இறக்கையை மெல்லச் சுரண்டினார்.

“இது நம்ம பஞ்சுங்க.”

“ஆமாங்க்கா.”

“எடுக்க முடியாதா?”

“தேச்சுப்போட்டு மறுக்கா அடிக்கணுமுங்க்கா. மறுக்காவும் ஒட்டுது.”

அக்கா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் துணியைப் பார்த்தார், கொஞ்ச நேரம் இறக்கையைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். “நாம ரெண்டு பேரும் ஒருத்தர் பொழப்ப ஒருத்தர் கெடுத்துக்கிட்டு இருக்கறமா சாமி!”

மின்வெட்டு மும்முரமாக இருந்த காலம் அது. அன்றைக்கு அந்தக் கட்டிலில் உட்கார்ந்தே ஒப்பந்தம் போட்டார்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் தறி ஓடாது, பஞ்சும் பறக்காது. பூங்கொடி அப்போது மட்டும் பெயிண்ட் அடித்துக்கொள்வது. நெய்த துணியை அந்த நேரத்தில் அக்கா பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவது. இரண்டு பேருக்கும் ஏகத் திருப்தி. அக்கா இறங்கிப் போனபிறகுதான் எனக்கு உறைத்தது.

“ஏன்டி, கரண்ட் இல்லாம உன் கம்ப்ரசர் எப்படி ஓடும்?”

பெயிண்டைத் தூவுகிற குட்டித் துப்பாக்கிக்குக் காற்று வேண்டும். காற்றுக்குக் கம்ப்ரசர் வேண்டும். கம்ப்ரசருக்குக் கரண்ட் வேண்டும். பூங்கொடி நகத்தைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். அடுத்த நாள் பேங்கிலிருந்து வருகிற வழியில் என்னை இழுத்துக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போனாள்.

“ஒரு ஸ்டெப்னி வேணுமுங்க. கொஞ்ச நாளைக்கு.”

“என்ன வண்டிக்குங்க?” என்றார் கடைக்காரர்.

“ப்ளேனுக்குங்க.”

நான் தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. “காத்து எவ்வளவு புடிக்கணும்?” என்று மட்டும் கேட்டார். விஷயத்தைச் சொன்னதும், மூலையில் கிடந்த பழைய ஜீப் சக்கரம் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து, காற்று நிரப்பி, வால்வில் எச்சில் வைத்துச் சோதித்துக் கொடுத்தார். அந்த வால்வையும் துப்பாக்கியின் குழாயையும் இணைக்க ராசிபுரத்தில் ஒரு லேத்துப் பட்டறையில் சின்னப் பித்தளை இணைப்பு செய்து வாங்கினாள். சக்கரத்தை மாடிக்கு ஏற்றியதுதான் இந்தக் கலைக்கு என்னுடைய பங்கு. நான் கீழிருந்து தள்ள, அவள் மேலிருந்து இழுக்க, பாதிப் படியில் சக்கரம் என் மேலேயே திரும்பி வந்தது. அந்தக் காயத்தின் தழும்பு இன்னும் முழங்காலில் இருக்கிறது, விமான விபத்து என்று சொல்லிக்கொள்வேன்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகள் எங்களுக்குக் கரண்ட் போகிற நேரத்தைப் பார்த்துத்தான் நடக்கும். ஊரே மின்வெட்டைச் சபித்துக்கொண்டிருக்க, எங்கள் வீட்டில் மட்டும் ஒருத்தி தலையில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு அதற்காகக் காத்துக்கொண்டிருப்பாள். கரண்ட் போனதும் தறி நிற்கும். பஞ்சு கீழே படிகிறவரை கொஞ்சம் பொறுப்போம். பிறகு அடிப்பாள். அப்படியும் எங்காவது ஒரு இழை ஒட்டியிருக்கும், தேய்த்துவிட்டு அடுத்த ஞாயிறு மறுபடி. தின்னர் காற்றில் இருக்கும்போது நெருப்பு ஆகாது என்பதால், அடித்து முடித்து வாசம் போகிறவரை அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. என் பசிக்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

பெங்களூரில் இந்த மாதிரி விமானம் செய்கிறவர்கள் கூடி ஒரு கண்காட்சி வைக்கிறார்கள், போட்டியும் உண்டு என்று அவளுக்கு எப்படியோ தெரிந்தது. பெயரைக் கொடுத்துவிட்டாள். அதற்கு முந்தின ஞாயிறு கறுப்பு அடித்தால்தான் காய்ந்து, நடுவில் வெள்ளி தூவி, நம்பர் ஸ்டிக்கர்களைத் தண்ணீரில் ஊறவைத்து ஒட்டி முடிக்க முடியும். அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. சக்கரத்தில் காற்று நிரப்பி வைத்தாயிற்று. பாத்ரூமை நனைத்தாயிற்று. தலையில் துண்டு கட்டியாயிற்று.

கரண்ட் போகவில்லை.

வழக்கமாகப் போகிற நேரம் தாண்டியது. அன்றைக்கு ஏனோ போகாது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். வெண்ணந்தூரே கொண்டாடியது. தெருவில் இருந்த எல்லாக் குடோன்களிலும் தறிகள் வெறிபிடித்தமாதிரி ஓடின. இந்த மாதிரி ஒரு நாள் எப்போது கிடைக்கும்? பூங்கொடி சாம்பல் நிற விமானத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

“போகட்டும் புள்ள. அடுத்த வருசம் பாத்துக்கலாம்.”

அக்காவிடம் கேட்டுப் பார்க்கலாமே என்றேன். அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். “அவங்க சோத்துல கை வெச்சா நான் பெயிண்டு அடிக்கோணும்? கம்முனு இரு.”

நான் கம்மென்று இருக்கவில்லை. தண்ணீர் எடுக்கிற சாக்கில் கீழே போனேன். அக்கா ஒற்றையாகத் தறிகளுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்காரர் துணியை எடுத்துக்கொண்டு ஈரோடு போயிருந்தார். மறுநாள் கொடுக்க வேண்டிய வேட்டிகள் பாக்கி இருந்தன. அந்தச் சத்தத்தில் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது? குடத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

அக்காவே பார்த்துவிட்டு, என் காதருகே வந்து கத்தினார். “அவ ஏன் இன்னும் அடிக்கல?”

“கரண்ட் போகலையே அக்கா!”

அக்கா என்னைப் பார்த்தார். தறிகளைப் பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு தறியாகப் போய் நிறுத்தினார். கடைசித் தறியும் நின்றபின் சுவரோரம் போய் மெயினையும் இறக்கிவிட்டார். காற்றாடி சுற்றி நின்றது. தெருவெல்லாம் சத்தம், எங்கள் வீட்டுக்குள் மட்டும் என் மூச்சு எனக்குக் கேட்டது.

“போய்ச் சொல்லு. கரண்டு போயிருச்சுன்னு சொல்லு” என்றார்.

சொன்னேன். பூங்கொடி ஜன்னல் வழியாக எதிர்க் குடோன் ஓடுவதைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியது. ஆனால் உடனே எழுந்தாள். அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தால் அந்த நேரமும் வீண் அல்லவா.

அவள் உள்ளே அடித்துக்கொண்டிருந்தபோது, துணி எடுத்துப் போகிற ஆள் மொபெட்டில் வந்துவிட்டார். நான் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“ஏனுங்க்கா, ஊரே ஓட்டுது, நீங்க நிறுத்திப்போட்டு உக்காந்திருக்கறீங்க?”

“பெல்ட்டு அந்துபோச்சுங்க” என்றார் அக்கா, கண்ணை இமைக்காமல்.

“நாலு தறிக்குமா?”

“நாலுக்குந்தானுங்க. காலம் கெட்டுக் கெடக்குது.”

அந்த ஆள் போனபிறகு, அக்கா படியின் கீழே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். யாரும் மேலே போய்த் தூசி கிளப்பிவிடக் கூடாதாம். மூன்று மணி நேரமோ நான்கு மணி நேரமோ இருக்கும், பெயிண்ட் கைக்கு ஒட்டாத பதம் வருகிறவரை எழவில்லை. பிறகு பூங்கொடி கூப்பிட்டாள். அக்கா ஆசையாக மேலே ஓடிவந்தார். அண்டாவைத் தூக்கினாள். ஒரு பஞ்சு இல்லை, ஒரு மயிர் இல்லை, கிணற்றுத் தண்ணீர்போல மின்னியது. ஜன்னல் கம்பிகள் இறக்கையில் அப்படியே தெரிந்தன.

அக்காவின் முகம் விழுந்துவிட்டது.

“கறுப்பா? ஏஞ்சாமி, கறுப்புக்கா நான் தறிய நிறுத்துனேன்? வெள்ளின்னு சொன்னியே!”

நாங்கள் சிரித்த சிரிப்பில் அவருக்கு இன்னும் கோபம் வந்தது. கறுப்பு நன்றாக இருந்தால்தான் வெள்ளி நன்றாக இருக்கும் என்று பூங்கொடி எவ்வளவோ சொன்னாள். வாரநடுவில் ஒரு மின்வெட்டில் வெள்ளி தூவியபிறகுதான் அக்கா நம்பினார். அந்தக் கறுப்பு வெள்ளியாக மாறியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். பொழுது விடிகிற மாதிரி, எந்த நேரத்தில் மாறியது என்று சொல்ல முடியாது. பிளாஸ்டிக் தகரமாகிவிட்டது. சுண்டினால் டங்கென்று கேட்கும்போல இருந்தது. பிறகு தகடுகளின் இடுக்குகளில் மெல்லிசாக மை ஓடவிட்டாள், எஞ்சினுக்குப் பின்னால் லேசாக எண்ணெய்க் கசிவு தீட்டினாள். உண்மையிலேயே எங்கெங்கோ பறந்துவிட்டு வந்து களைத்து நிற்கிற விமானம்.

பெங்களூருக்கு மூன்று பேராகப் போனோம். ஆமாம், அக்காவும் வந்தார். தறியை நிறுத்தியவருக்கு அந்த உரிமை இருக்கிறது என்று அவரே அறிவித்துவிட்டார். குக்கர் வந்த அட்டைப்பெட்டியில் ஸ்பாஞ்சு வைத்து, அதற்குள் விமானம். தொப்பூர்க் கணவாயில் பஸ் வளைந்தபோதெல்லாம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அக்கா எதிர்ப்பக்கம் வளைந்தார். இவ்வளவு பார்த்தும் ஒரு விசிறி கழன்றுவிட்டது. மண்டப வாசலில் உட்கார்ந்து பூங்கொடி ஒட்டினாள்.

உள்ளே நீள நீளமாக மேஜைகள், வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் விமானங்கள். எல்லா வயதிலும் ஆண்கள், கழுத்தில் அட்டை. பெண்கள் என்று பார்த்தால் நாங்களும் ஒன்றிரண்டு பேரும்தான். அக்கா ஒரு கோடியிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தார். துணி வாங்கப் போனால் பார்ப்பாரே, அதே மாதிரி. “இது திட்டுத்திட்டா இருக்குது. இதுல பஞ்சு இருக்குது பாரு. இவுங்க ஊர்லயும் தறி இருக்குமாட்டம்.” ஒரு போர் விமானம் அவருக்குப் பிடித்துவிட்டது. தடவிப் பார்க்க விரலை நீட்டினார். கண்ணால் பார்த்து அவருக்குப் பழக்கமில்லை, எதையும் விரலில்தான் பார்ப்பார்.

“அம்மா! டச் பண்ணாதீங்க!” என்று கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பையன் கத்தினான். எல்லோரும் திரும்பினார்கள். அக்கா சுட்டுக்கொண்டதுபோலக் கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். எங்கள் மேஜைக்கு வந்தும் இரண்டு எட்டுத் தள்ளியே நின்றார்.

நடுவர்கள் பக்கத்து மேஜைக்கு வந்துவிட்டார்கள். பூங்கொடி அக்காவைப் பார்த்தாள். போய்க் கையைப் பிடித்து மேஜைக்கு அழைத்து வந்தாள்.

“தொட்டுப் பாருங்க்கா.”

“வேண்டாஞ்சாமி.”

“நம்மளுதுதானுங்க்கா. தொடுங்க.”

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த வெள்ளிமேல் விரல் பட்டால் தடம் விழும். நாங்கள் இரண்டு பேரும் கையில் மெல்லிய உறை போட்டுக்கொண்டுதான் அதைத் தூக்குவோம். நான் பூங்கொடியின் புடவையைப் பிடித்து இழுத்தேன். அவள் கண்டுகொள்ளவில்லை. அக்காவின் ஆள்காட்டி விரலைத் தானே பிடித்து இறக்கைமேல் வைத்தாள். அக்கா, விமானத்தின் வயிற்றிலிருந்து வால்வரைக்கும், வால் முனையிலிருந்து இறக்கை ஓரம்வரைக்கும், கண்ணை மூடிக்கொண்டு தடவினார். நிதானமாக. ஒரு பஞ்சு இருக்கிறதா என்று தேடினார்போலிருக்கிறது.

“ஒண்ணுமில்ல சாமி. வழவழன்னு இருக்குது” என்றார்.

நடுவர்கள் வந்தார்கள். டார்ச் அடித்துப் பார்த்தார்கள். வெளிச்சத்தில் இறக்கை மேல் விரல் போன பாதை எனக்கே தெரிந்தது. ஒருவர் எதையோ குறித்துக்கொண்டு நகர்ந்தார். பரிசு வரவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில், அக்கா தூங்கியபிறகு, நான் மனசு பொறுக்காமல் கேட்டேன், இத்தனை பாடுபட்டுக் கடைசி நிமிஷத்தில் ஏன் அப்படிச் செய்தாய் என்று.

“தடம் இல்லைன்னாலும் கெடச்சிருக்காது புள்ள. கண்ணாடியில பசை பட்டிருந்துச்சு, நீ பாக்கல” என்றாள். கொஞ்ச தூரம் போனபின், “அவங்க மாதிரி யாரும் அதப் பாக்கலை” என்றாள்.

அப்புறம் எனக்குக் கல்யாணம், சேலம். பூங்கொடிக்கு மாற்றல் வந்து கோயம்புத்தூர். போகிறபோது டக்கோட்டாவை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அக்கா அதை முன்னறைக் கண்ணாடி அலமாரியில், மகன் பள்ளிக்கூடத்தில் வாங்கிய கோப்பைகளுக்கு நடுவில் வைத்திருந்தார். பூங்கொடி இன்னமும் செய்கிறாள், இப்போது தூசி உறிஞ்சுகிற பெட்டியெல்லாம் வைத்திருக்கிறாள், பரிசுகளும் வாங்கிவிட்டாள். வெண்ணந்தூரில்தான் எதுவும் இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது பஞ்சர் கடை போனது. அக்காவின் வீட்டுக்காரர் தவறிய பிறகு தறிகளை இரும்பு எடைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். குடோனில் இப்போது முட்டை அட்டைகளை அடுக்கியிருக்கிறார்கள். நாங்கள் இருந்த மாடியின் ஓட்டுக்கூரையை இடித்துவிட்டு மொட்டைமாடி ஆக்கிவிட்டார்கள்.

போன மே மாதம் எருமப்பட்டியில் பூங்கொடி வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தேன். இலை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவளுக்குப் போன் வந்தது. கையெல்லாம் ஈரம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டாள். சரோஜாக்கா. அழுதுகொண்டிருந்தார்.

“சாமி, உங்கிட்ட எப்படிச் சொல்லுவேன். லீவுக்கு வந்த பேரன் அலமாரியத் தொறந்து, ப்ளேன எடுத்துட்டுப் போய் மொட்டமாடில இருந்து உட்டுப்போட்டான் சாமி. ஊரெல்லாம் தேடிப்போட்டோம். ஒரே ஒரு சக்கரந்தான் கெடச்சுது. அவன அடிச்சும்போட்டேன்.”

நான் பூங்கொடியின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. பந்தியில் யாரோ தண்ணீர் கேட்டார்கள்.

“அவன அடிக்காதீங்க்கா” என்றாள். பிறகு போனுக்குப் பக்கத்தில் குனிந்து, “எவ்வளவு தூரம் போச்சுங்க்கா?” என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் அழுகை நின்றது. அக்கா யோசிப்பது தெரிந்தது.

“எதுத்த ஊட்டு முருங்கமரத்தத் தாண்டிப் போச்சு சாமி” என்றார். “வெயில்ல பளபளன்னு, நல்லாத்தான் போச்சு.”